புகை போக்கும் பரிஷத் அடுப்பு

திருவனந்தபுரம்: கேஸ் சிலிண்டர் தீர்ந்த நாளில் விறகடுப்பைத் தேடும் வீடுகள் இந்நகரில் இன்றும் உண்டு. புகையில் கண் கலங்கும் தாய்மார்கள் அறியவேண்டியது பரிஷத் அடுப்பு. 1962-ல் கோழிக்கோட்டில் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980களில் இதனைக் கேரளத்து வீடுகளில் பரப்பியது.

அடியில் உள்ள சல்லடை வழியே காற்று புகுவதால் விறகு நன்கு எரிகிறது. முதல் பானையைத் தொட்ட அனல் வீணாகாமல் இரண்டாம் பானைக்குச் செல்கிறது. புகை, குழாய் வழியே வெளியேறுகிறது.

அமைக்கும்போது கவனம் தேவை. அடுப்பின் வாய், வீட்டில் புழங்கும் பானையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் புகை கசியும். குழாய் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். இல்லையேல் காற்று புகையை உள்ளே திருப்பிவிடும். வாடகை வீடானால், கூரையைத் துளைக்குமுன் வீட்டுக்காரரின் சம்மதம் பெறுவது அவசியம்.

மத்திய அரசு 1983-ல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002-ல் நின்றது. அதில் அமைந்த அடுப்புகள் பல, பராமரிப்பின்றிப் பாழாயின. ஆகவே குழாயில் படியும் கரியை அவ்வப்போது நீக்கவேண்டும். விரிசலை உடனே பூசவேண்டும். ஈர விறகு எந்த அடுப்பிலும் புகையும். இடவப்பாதி மழைக்கு முன்பே விறகை உலர்த்தி, நனையாத இடத்தில் அடுக்கிவைப்பது நலம்.