கேட்டால் கிடைக்கும்

வார்டுக்குள் சாப்பாட்டு வண்டி வரும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முந்தின நாள் அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், "ஏதாவது குடுங்க சிஸ்டர்" என்பதுதான் பல நேரம் பதில். அந்த 'ஏதாவது' எது என்பதை வேறு யாரோ முன்பே முடிவு செய்திருப்பார்கள்.

ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008-இல் எழுதிய புத்தகத்தின் பெயர் 'நட்ஜ்'. பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் லேசாக இடிப்போமே, அதுதான். தடையும் இல்லை, அபராதமும் இல்லை. எதை முதலில் நீட்டுகிறோம் என்பது மட்டும் மாறும்.

நியூயார்க் நகரின் 11 பொது மருத்துவமனைகள் 2022-இல் இதைச் செய்தன. மாட்டிறைச்சியைவிடப் பருப்பும் பயறும் பூமியைச் சூடாக்குவது மிகக் குறைவு. அதனால் உணவு கேட்க வருபவர் அன்றைய தாவர உணவுகளையே முதலில் சொல்வார். வேண்டாம் என்றால்தான் இறைச்சி. அந்த உணவுகளும் வெறும் அவித்த காய்கறி அல்ல. அந்த நகரில் வாழும் பல இனத்தவரின் சமையலைப் பார்த்துச் செய்தவை. ருசி இல்லாவிட்டால் எந்த முழங்கையும் பலிக்காது. தாவர உணவு சாப்பிடத் தகுந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். உணவு சார்ந்த கரிம உமிழ்வு 2023-இல் 36 விழுக்காடு குறைந்ததாக நிர்வாகம் சொல்கிறது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி வாங்குவதில்லை. அன்று காலை உட்கார்ந்து யாரும் முடிவெடுப்பதில்லை. அன்றைக்குப் பருப்பு, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இந்த உத்தி பலிப்பதே நாம் களைத்திருப்பதால்தான். பில் போடும் இடத்தில் சாக்லேட்டை அடுக்கும் கடைக்காரருக்கும் இது தெரியும். களைத்த மனிதரிடம் செய்வதை, அவருக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். ஊசி போடுவதற்கு முன்பே சொல்லித்தானே போடுகிறோம்?

'கேட்டால் கிடைக்கும்' என்பது கேட்கத் தெரிந்தவருக்குத்தான். வெளிநாட்டு வார்டில் ஆங்கிலம் வராமல் படுத்திருக்கும் நம் அம்மாச்சி, வந்ததைச் சாப்பிடுவார், இல்லை அப்படியே மூடி வைத்துவிடுவார். தொடாமல் திரும்பும் தட்டு நேராகக் குப்பைக்குத்தான் போகும். அதனால் பருப்பையே முதலில் சொல்லுங்கள், எனக்கும் சம்மதம். அதே மூச்சில், மீனும் இருக்கிறது என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒருவர் சொல்லட்டும்.