வளவுக்குள் ஒரு தடாகம்

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதமே எனக்கு ஓர் ஆசை பிறந்தது. வீட்டின் பின்புறத்து வளவிலே பத்தடி நீளமும் எட்டடி அகலமும் இரண்டடி ஆழமுமாகச் சீமெந்துத் தடாகம் ஒன்று கட்டி, அதிலே நீலோற்பலம் வளர்த்து, நாலு மீனும் விட்டு, மாலை வேளைகளில் அதன் அருகே நாற்காலி போட்டு அமர்ந்து வாசிக்க வேண்டும் என்பதே அது. குறிஞ்சி முதலாக நெய்தல் ஈறாக ஐந்திணையையும் முப்பது ஆண்டுகளாய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். பிறந்ததும் வாழ்வதும் நெய்தல் நிலத்திலே. ஆனால் அந்நிலத்துக்குப் பெயர் தந்த பூவை என் கையால் ஒருநாளும் வளர்த்தவனல்லன். இலங்கையின் தேசிய மலராக 1986இல் அறிவிக்கப்பட்டதும் இந்த நீலோற்பலமே என்பது எனது ஆசைக்கு ஒரு கௌரவத்தையும் அளித்தது.

சீமெந்தும் கம்பியும் விலை விசாரித்தேன். கொத்தனாரையும் அழைத்து இடத்தைக் காட்டினேன். இதற்கு ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணியதுதான் பிழையாயிற்று.

மட்டக்களப்பின் வழமை அறியாத வாசகர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லல் வேண்டும். இக்கரையில் வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாய்ப் போவன. மணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பவன். பெண்மக்கள் இருவர் மூவராயின் தாயின் வளவு வேலிகளாற் பிரிவுபட்டு, அக்காளும் தங்கையும் அயலவர் ஆவர். எங்கள் நிலையும் அதுவே. பெரியகல்லாற்றில் மாமியின் ஒரே வளவு மூன்று பெண்மக்களுக்கு மூன்றாயிற்று. கிணறுகளும் மூன்றாயின. ஒன்றுக்கொன்று நாற்பதடியும் இராது. ஆகவே நான் தடாகம் கட்ட நினைத்த மண் என் மனைவியின் மண். அதற்கு வலப்புறத்து வேலிக்கப்பால் இருப்பது அவளுடைய தமக்கையின் கிணறு.

கொத்தனார் வந்துபோன அன்று மாலையே மச்சாள் வேலியோரம் வந்து நின்றார்.

"குளம் கட்டப் போறீங்களாமே மச்சான். நல்லதுதான். தண்ணி எங்கயிருந்து வரும்?"

"கிணத்திலயிருந்துதான், மச்சாள்."

"ஆர்ர கிணத்திலயிருந்து?"

"எங்கட கிணத்திலயிருந்து."

"கிணறு உங்கட. உள்ளுக்க கிடக்கிற தண்ணி ஒண்டுதானே."

அவர் பள்ளிக்கூடத்திலே எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்திலே அவர் சொல்லிவிட்டதை நான் விளக்குவதற்கு இரண்டு பந்திகள் வேண்டும்.

பெரியகல்லாறு கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருக்கும் ஒரு மணற்கீற்று. இங்கே ஆற்றுநீர் நிலத்தடிக்கு வந்து சேர்வதில்லை. மலை ஊற்றும் இல்லை. நமது கிணறுகளிற் காணப்படும் நன்னீர் முழுவதும், ஐப்பசி தொட்டுத் தை வரை பொழியும் மாரிமழை மணலுக்குள் இறங்கித் தங்கிய நீரே. அது எதன்மேல் தங்குகிறது? பாறையின்மேல் அன்று, இரு புறத்திலுமிருந்து மணலுக்குள் ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. ஆயிரம் பங்குக்கு இருபத்தைந்து பங்கு கூடுதல், அவ்வளவே. அந்தச் சிறு வேறுபாட்டினாற்றான் நன்னீர் மேலே ஒரு வில்லைபோல மிதக்கிறது. பாலின்மேல் ஆடைபோல என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இவ்வாடையின் பெரும்பகுதி பாலுக்குள்ளே அமிழ்ந்திருப்பது.

ஒல்லாந்த இராணுவப் பொறியியலாளர் பாடன் கைபென் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901ஆம் ஆண்டிலும் இதற்கு ஒரு கணக்குக் கண்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தாலே அச்சம் பிறக்கிறது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால் கீழிருக்கும் உவர்நீர் நாற்பதடி உயர முற்படும். ஏட்டுக் கணக்குப்போல் நிலம் நடந்துகொள்வதில்லை. மணலின் தன்மை, மழையின் அளவு என்பன குறுக்கிடும். ஆயினும் போக்கு அதுவே. கயிறும் வாளியும் கொண்டு அள்ளிய காலத்தில் கிணறு மெல்ல மெல்ல ஊறி ஈடுகொடுத்தது. மின்சாரப் பம்பியோ ஒரே இடத்தில், ஒரே மூச்சில் உறிஞ்சுவது. உறிஞ்சும் இடத்துக்கு நேர்கீழே உவர்நீர் ஒரு கூம்புபோல் எழுந்து வரும். எழுந்தது எளிதில் இறங்குவதில்லை.

இதை நம்மவர் ஏட்டிற் படித்தல்லர், பட்டே அறிந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையை மூடிச் சென்றபோது கிணறுகளுக்குள் கடலே புகுந்தது. உயிர்ச்சேதத்தின் நடுவே தண்ணீருக்கும் தவித்த நாட்கள் அவை. கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்தால் உப்புப் போய்விடும் என்று நல்லெண்ணத்தோடு பம்பிகள் ஓடின. சேறும் குப்பையும் போயின, உப்புப் போகவில்லை. அளவுமிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பும் மேலே வரும் என்று பின்னர் நிபுணர்களே எச்சரித்தார்கள். உப்பைக் கழுவியவை அடுத்தடுத்து வந்த மாரிமழைகளே. மச்சாளின் கிணறும் அன்று உவர்த்த கிணறு. அதன் நீரில் மீண்டும் தேநீர் வைத்துக் குடித்த நாளை அவர் பிள்ளைகளின் பிறந்தநாள்போல நினைவில் வைத்திருக்கிறார்.

இனி எழுத்திலுள்ள சட்டங்களுக்கு வருகிறேன். அமெரிக்க நாட்டிலே குடியேறிய என் பழைய மாணவன் ஒருவன், தன் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு குளம் அமைப்பதற்கு அங்குள்ள வீட்டுடைமையாளர் சங்கத்துக்குப் படம் வரைந்து அனுப்பி, வேலியின் உயரத்துக்கும் நீரோட்டும் பம்பியின் ஒலிக்கும் விளக்கம் எழுதி, மாதக்கணக்காய்க் காத்திருந்த கதையை முன்னொருமுறை எழுதியிருந்தான். சொந்த நிலத்தில் இப்படியும் ஒரு கட்டுப்பாடா என்று அன்று சிரித்தேன். இங்கே அத்தகைய சங்கம் இல்லை. ஆனால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்புறமாக முந்நூறு மீற்றர் வரை அச்சட்டம் கரையோர வலயம் என்கிறது. நிரந்தரமாகவோ இடையிடையேயோ கடலோடு தொடுக்கும் வாவிகளுக்கும் அவ்வலயம் நீளும். ஆற்றுவாய் மாரியில் திறந்து கோடையில் மணல்மூடி அடைபடும் நம் கல்லாற்றுக்கு, அந்த 'இடையிடையே' என்ற சொல் அளந்து தைத்த சட்டைபோற் பொருந்துகிறது. வலயத்துக்குள்ளே கட்டடம் எழுப்புவது மட்டுமன்று, மண்ணை அகற்றுவதும் அனுமதி வேண்டும் காரியமே. இச்சிறு மணற்கீற்றிலே அந்த வலயத்துக்குத் தப்பும் வளவைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

அடுத்தது நுளம்பு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வளவுக்காரனின் கடமைகளை விரித்துரைக்கிறது. வெறுந்தகரமும் சிரட்டையும் அகற்றவேண்டும். கிணற்றை நல்ல நிலையில் பேணவேண்டும். செயற்கைத் தடாகம் எதுவாயினும் வாரத்துக்கு ஒருமுறையேனும் வெறுமையாக்க வேண்டும். ஏன் ஒரு வாரம்? முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஏழெட்டு நாளாவது செல்லும். அந்தச் சுற்றை நடுவில் அறுப்பதே சட்டத்தின் நோக்கம். நியாயமான நோக்கம். உவர்நீரில் டெங்கு நுளம்பு பெருகாது என்றிருந்த நம்பிக்கையும் இந்த மட்டக்களப்புக் கரையிலே செய்த ஆய்வினால் 2011இல் தகர்ந்தது. கடற்கரையில் வீசப்பட்ட ஏனங்களில் தேங்கிய உவர்நீரிலும் அதன் புழுக்கள் வளர்ந்திருக்கக் கண்டார்கள். ஆகையால் 'எங்கள் தண்ணீர் உப்பு, எங்களுக்கு அச்சமில்லை' என்று சொல்லவும் வழியில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்கு எட்டு, ஆழம் இரண்டு என்றால் நூற்றறுபது கன அடி. ஏறக்குறைய 4500 லீற்றர். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்திலே வெயிலுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் ஆவியாகும் என்று வைத்தாலும், தடாகத்தில் வாரத்துக்கு 260 லீற்றரே குறையும். அதை ஈடுசெய்யக் கிணறு தாங்கும். சட்டத்தின் சொற்படி வாரந்தோறும் வெறுமையாக்கி நிரப்பினாலோ, அதைப்போற் பதினேழு மடங்கை இறைக்க வேண்டும்! வெளியேற்றிய நீர் தென்னைக்கடியில் ஊறி மணலுக்குத்தானே திரும்பும் என்று ஒரு நண்பர் வாதித்தார். உண்மை, ஒரு பகுதி திரும்பும். ஆனால் 4500 லீற்றரை ஒரு காலைப்பொழுதில் உறிஞ்சும்போது கீழிருந்து எழும் உப்புக்கு அந்தச் சமாதானம் விளங்காது. நுளம்பைத் தடுக்கும் சட்டத்தைக் காத்தால் கிணறு கெடும். கிணற்றைக் காத்தால் சட்டம் மீறப்படும். இரண்டையும் காக்கவேண்டுமாயின் சீமெந்துத் தடாகமே கூடாது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரைச் சந்தித்து இதைச் சொன்னேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். "ஐயா, சட்டத்திலே இருக்கிறதை நான் மாற்றிச் சொல்ல ஏலாது. கிணறுகளிலே புழுத்தின்னும் மீன் விடுகிறோம், அது நல்ல வேலை செய்யுது. ஆனால் தொட்டியிலே மீன் இருக்குது எண்டு பார்க்காமல் விட்ட வீட்டிலேதான் செத்த மீனையும் உயிருள்ள புழுவையும் கண்டிருக்கிறன்," என்றார். நேர்மையான பதில். மலக்குழியிலிருந்து ஐம்பதடியாவது தள்ளிப் பள்ளம் தோண்டும்படியும் சொன்னார். மூன்றாய்ப் பிளந்த வளவில் ஐம்பதடியை எங்கே தேடுவது?

அந்த ஐம்பதடியைத் தேடி வளவெல்லாம் நடந்தபோதுதான் பழைய பூவல் நினைவுக்கு வந்தது. கிணறு கட்ட வசதியில்லாத நாளிலே நம் முன்னோர் மணலைக் கையாலும் சிரட்டையாலும் தோண்டி, ஊறும் நீரை அள்ளி எடுத்து, தேவை தீர்ந்ததும் மணல் தானே சரிந்து மூட விட்டுவிடுவார்கள். பூவலுக்குச் சொந்தக்காரர் இல்லை, பம்பியும் இல்லை. அது நிலத்தடி நீரை மேலே கொண்டுவருவதன்று. நாம் அதனிடம் இறங்கிப்போவது. என் தடாகத்தையும் அவ்வாறே ஏன் அமைக்கலாகாது என்று தோன்றியது. மாரியிலே இவ்வூரின் நிலத்தடி நீர் முற்றத்துக்கு ஒரு முழம் கீழே வரை ஏறி நிற்பதை யாவரும் அறிவர். வளவின் தாழ்ந்த மூலையிலே இரண்டடிப் பள்ளம் இருந்தாற் போதும். கார்த்திகையில் நீர் தானாக வரும், பங்குனியில் தானாகப் போகும். நீலோற்பலமோ, குளம் வற்றினாலும் கிழங்காய்ச் சேற்றுக்குள் உறங்கி அடுத்த மழைக்கு எழும் பூண்டு. வயற்களியை ஒரு மண்தொட்டியில் நிரப்பி அதில் நட்டால் மணலிலும் பிழைக்கும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தமக்கையிடம் சொன்னாள். தமக்கை மூன்றாமவளிடம் சொன்னார். மூன்று நாள் கழித்து உத்தரவு வந்தது: பம்பி போடக்கூடாது, சின்னப் பிள்ளைகள் விழாதபடி கரை சரிவாக இருக்கவேண்டும், தோண்டிய மணல் வளவை விட்டு வெளியே போகக்கூடாது, மீனைப் பார்ப்பது என் பொறுப்பு. அந்த நாலு நிபந்தனைகளையும் ஒரு பேப்பரில் எழுதி, பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதத்தோடு வைத்துக்கொண்டேன். முந்தியவற்றுக்கு அஞ்சிய அளவு பிந்தியதற்கு நான் அஞ்சவில்லை என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். இசைவு கிடைத்த பின்னரே மண்வெட்டியைக் கையிலெடுத்தேன்.

இது முதல் மாரி. கார்த்திகை நடுவிலே பள்ளத்தின் அடி ஈரமாயிற்று; ஒரு கிழமைக்குள் முழங்கால் அளவு தெளிந்த நீர். நாட்காலையில் மீன்களை எண்ணுகிறேன். ஒரு வெள்ளைக் கோப்பையில் நீரை மொண்டு புழு நெளிகிறதா என்று பார்க்கிறேன். வாசிக்கவென்று போட்ட நாற்காலி பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கிறது. மச்சாள் மட்டும் ஒன்றிரண்டு நாள் வந்து அதில் அமர்ந்து போனார். தம் கிணற்றுத் தேநீரைக் கொண்டுவந்து எனக்கும் ஒரு கோப்பை தந்தார். குடித்துப் பார்த்தோம், உவர்க்கவில்லை.

சென்ற கிழமை மூன்று நாள் அடைமழை. விடிந்து பார்த்தால் தடாகத்தின் ஒரு கரை கரைந்து, நீர் வேலியைக் கடந்து மச்சாளின் வளவுக்குள் இரண்டு முழம் போய் நிற்கிறது. மீன்களிற் பாதி அங்கே. வேலிக் கதியால்களைப் பிடுங்கி நீரைச் சுற்றி நடலாமா, அல்லது கரையைத் திருத்தி நீரை இப்பாலே அழைக்கலாமா என்று மனைவி கேட்கிறாள். மச்சாள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.