55 என்றால் பாதி இதயமா?

எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் தேடிப்போவது ஒரே எண்ணைத்தான்: இ.எஃப். அதில் 55 சதவீதம் என்றிருந்தால், 'இதயம் பாதிதான் வேலை செய்கிறது போல' என்று பலர் கலங்கிவிடுகிறார்கள். கலங்க வேண்டாம். 55 நல்ல எண்தான்.

கையிலிருக்கும் டீயையே பாருங்கள். டம்ளரில் 120 மில்லி இருக்கிறது, 70 மில்லி குடித்துவிட்டு மீதியை வைக்கிறீர்கள். இதயத்தின் இடது கீழறையும் நிரம்பிய ரத்தத்தை ஒரே துடிப்பில் முழுக்க வெளியேற்றுவதில்லை. நிரம்பியதில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதுதான் இ.எஃப். 120-ல் 70 போனால் அது சுமார் 58. நல்ல இதயத்துக்கே 52 முதல் 74 வரைதான் வரும். நூறு யாருக்கும் வராது.

மாரடைப்பில் தசை செத்துப்போனால் இந்த எண் இறங்கும். 35-க்கு மேல் ஏறாமலே நின்றுவிட்டால், இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிர் போகும் ஆபத்து கூடுகிறது. அப்போதுதான் டாக்டர் ஐ.சி.டி. என்ற கருவியைப் பற்றிப் பேசுவார். துடிப்பு தறிகெட்டால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சீராக்கும் கருவி அது. ஆனால் மாரடைப்பு வந்த மறுநாளே அதைப் பற்றி முடிவெடுப்பதில்லை. குறைந்தது 40 நாள் பொறுத்து, மருந்துக்கும் சுமார் மூன்று மாதம் அவகாசம் தந்து, மறுபடி எக்கோ எடுப்பார்கள். ஏனென்றால் அடிபட்ட தசையில் ஒரு பகுதி சாகாமல் மயங்கித்தான் கிடக்கும். அது எழுந்தால் எண்ணும் ஏறும்.

இ.எஃப். மட்டும் பார்த்தால் ஏமாந்தும் போகலாம். மைட்ரல் வால்வு கசிந்தால், பின்பக்கம் மேலறைக்கே திரும்பும் ரத்தமும் 'வெளியேறிய' கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் கசிவு கடுமையாக இருப்பவருக்கு இ.எஃப். 60-க்கு இறங்கினாலே ஆபரேஷன் பற்றி யோசிக்கிறார்கள்.

ஆகவே பக்கத்து வரிகளையும் படிக்க வேண்டும். இடது மேலறை வீங்கியிருந்தால், உள்ளே அழுத்தம் நெடுநாளாகக் கூடியிருக்கலாம். ஜி.எல்.எஸ். என்ற வரி, தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்பதைச் சொல்லும். மைனஸ் 20 போல இருக்கும். மைனஸ் குறியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சுருங்குவதால் வரும் குறி அது. இ.எஃப். இறங்குவதற்கு முன்பே இது குறையத் தொடங்கும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய புற்றுநோய் மருந்து எடுப்பவர்களிடம் இதைக் கவனிப்பது அதனால்தான்.

இன்னொன்று. ஒரே இதயத்தை இருவர் அளந்தால் இ.எஃப். ஐந்து புள்ளி வரை வேறுபடுவது சகஜம். போன வருஷம் 52, இப்போது 49 என்றால் இதயம் சரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேலும் 35-க்கு மேல் ஏறாவிட்டால் ஆபத்து என்பது போன்ற கணக்கெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து போட்டது. உங்கள் ஒருவரின் நாள் கணக்கு அதில் இல்லை.

முடிந்தவரை ஒரே இடத்தில் எக்கோ எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் 'எத்தனை சதவீதம்?' என்பதோடு நிறுத்தாமல், 'போன தடவைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது, அதற்காக மருந்தை மாற்ற வேண்டுமா?' என்றும் கேளுங்கள்.