வேலை ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில்

 

தொழிலின் பொருட்டு ஊர் மாறுவது நம் சமூகத்துக்குப் புதியதன்று. கண்டி இராச்சிய காலத்திலேயே பொதிமாடுகளில் உப்பையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்கு வந்து, பாக்கையும் ஏனைய விளைபொருட்களையும் கொண்டு சென்ற தவளம் வணிகர்களை நாம் அறிவோம். அன்று மனிதன் தொழிலைத் தொடர்ந்து சென்றான். தொழில் கிடைத்த இடத்திலேயே குடியும் அமைத்துக்கொண்டான். இன்று நிலைமை வேறு. கண்டியில் கடமை, மாத்தளையில் வீடு. தம்புள்ளையில் கடமை, கலேவெலவில் வீடு என்று நம்மிற் பலர் நாள்தோறும் இரண்டு ஊர்களுக்கிடையே வாழ்கின்றனர்.

ஜுமுஆத் தொழுகை முடிந்த பின்னர், இவ்வாறு இடமாற்றம் பெற்று வருவோர் சிலர் என்னை அணுகி, “ஹஸ்ரத், எந்தப் பக்கம் வீடு எடுத்தால் நல்லது?” என்று வினவுவதுண்டு. அவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் வாடகையைப் பற்றியே. அக்கேள்வி தவறானதன்று. ஆனால் அதுவே முதற் கேள்வியாக இருத்தலாகாது. இதனை நான் பிறரிடம் கேட்டறிந்து சொல்லவில்லை. என் சொந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டு சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் கண்டியில் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இரத்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக் குடும்பத்தை அங்கே குடியமர்த்தினேன். மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு மற்றொரு பஸ். ஸுப்ஹுத் தொழுததும் புறப்படுவேன்; இஷாவுக்குப் பின்னரே வீடு சேர்வேன். ஒரு விடுமுறை நாளில் என் மூத்த மகளை ஓதச் சொல்லிக் கேட்டேன். சூரத்துல் ஃபாத்திஹாவில் ‘ஹா’ எழுத்தைத் தவறாக உச்சரித்தாள். எப்போதிருந்து இப்படி ஓதுகிறாய் என்று கேட்டேன். நான்கு மாதங்களாக அப்படித்தான் ஓதி வந்திருக்கிறாள். “ஏன் மகள் என்னிடம் ஓதிக் காட்டவில்லை?” என்றதற்கு, “வாப்பா, நீங்க வர்ற நேரம் நான் தூங்கியிருப்பேன் தானே” என்றாள். பிறருடைய பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் தஜ்வீத் கற்பித்துக்கொண்டிருந்த நான், என் பிள்ளையின் ஓதலைக் கேட்க நேரமில்லாதவனாக இருந்திருக்கிறேன். வாடகையில் மிச்சம் பிடித்த பணம் அன்று எனக்கு மிகவும் அற்பமாகத் தோன்றியது.

காலக் கணக்கு

ஆகவே ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர் பணக் கணக்கோடு காலக் கணக்கையும் எழுதிப் பாருங்கள். மாத்தளை நகரிலிருந்து கண்டி ஏறத்தாழ 25 கிலோமீற்றர். ஒருவழிப் பயணம் ஒரு மணித்தியாலம் என்றே வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 நாட்கள் சென்று திரும்பினால் 44 மணித்தியாலம். வருடத்துக்கு 528 மணித்தியாலம்; அதாவது இரவும் பகலுமாக முழுமையான 22 நாட்கள். ஒருவழிக்கு இரண்டு மணித்தியாலமாயின் இக்கணக்கு இரட்டிப்பாகும். ஒன்றரை மாதத்தைப் பாதையிற் செலவிடும் தந்தை, குறைந்த வாடகையால் இலாபம் அடைந்தவர் என்று எவ்வாறு கூறுவது?

பணக் கணக்கையும் முழுமையாகப் போடுங்கள். வாடகையில் மிச்சமாகும் தொகையிலிருந்து பஸ் கட்டணம், வெளியில் உண்ணும் செலவு, பாடசாலை வேன் கட்டணம், அவசரத்துக்குப் பிடிக்கும் முச்சக்கர வண்டி ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். பலருக்கு எதுவுமே எஞ்சுவதில்லை.

தூரத்தைப் போலவே வேலை நேரமும் கவனிக்கத்தக்கது. 1999இல் அமைக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவிலும் அதிகாலையிலும் மரக்கறி லொறிகள் வந்து போகும் இடம் அது. அங்கே தொழில் புரிபவர் ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளை நகரில் குடியிருந்தால், அவருடைய நேரத்துக்கு பஸ் கிடைப்பதே அரிது. அத்தகையவருக்குத் தம்புள்ளையோ, ஏ9 வீதியிலுள்ள நாவுலவோ, குருநாகல் வீதியிலுள்ள கலேவெலவோ பொருத்தமாகலாம். கண்டியில் அலுவலக நேரத்தில் கடமையாற்றுபவருக்கு மாத்தளை நகரும் உக்குவளையும் பொருத்தமானவை. முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற இரண்டு விபரங்களையும் அறியாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

ஊரில் வாழ்பவர் யார்?

நல்ல வாழ்க்கைத் துணை, விசாலமான வீடு, நல்ல அயலவர், இலகுவான வாகனம் ஆகிய நான்கும் மனிதனுக்குக் கிட்டும் நற்பேறுகள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. வீடு தேடும்போது நாம் இந்நான்கில் ஒன்றை மாத்திரமே பார்க்கிறோம். வாகனத்தைப் பற்றிச் சற்று முன்னர் கண்டோம். அயலவரைப் பற்றி விசாரிப்போர் குறைவு. துணைவியின் கருத்தைக் கேட்போர் அதனிலும் குறைவு.

சிந்தித்துப் பாருங்கள். காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் ஆண், அந்த ஊரில் உறங்க மட்டுமே செய்கிறார். பகல் முழுவதும் அங்கே வாழ்பவர்கள் மனைவியும் பிள்ளைகளும். பிள்ளைக்குத் திடீரெனக் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் கொண்டு செல்பவர் தாய். எனவே வீட்டைப் பார்க்கச் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவரோடு மஷூரா செய்யுங்கள். மாத்தளை நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் தம்புள்ளையில் ஆதார வைத்தியசாலையும் உள்ளன. நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து அவ்விடத்துக்கு இரவு பத்து மணிக்கு எவ்வாறு செல்வது என்பதை அவர் கேட்பார். நாம் கேட்க மறந்துவிடுவோம்.

பாடசாலையும் மத்ரஸாவும்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர். ஆதலால் தமிழ்மொழிமூலப் பாடசாலையும் குர்ஆன் மத்ரஸாவும் எல்லா ஊர்களிலும் நடைதூரத்தில் இருக்கும் என எதிர்பார்க்க முடியாது. மாத்தளை நகரில் ஸாஹிராக் கல்லூரி, ஆமினா மகளிர் பாடசாலை, பாக்கியம் கல்லூரி, இந்துக் கல்லூரி முதலியன இருப்பதனாலேயே, வேலை தூரமானாலும் பலர் நகரை விட்டு நீங்கத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தில் நியாயம் உண்டு.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வேண்டியவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்வி அமைச்சின் சுற்றுநிரூபங்களில் நெடுங்காலமாக, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதமும், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதமும், அங்கு கற்போரின் சகோதர சகோதரிகளுக்கு 15 வீதமும் இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. இடமாற்றம் பெற்று வரும் அரச உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டு வந்தது 4 வீதம் மாத்திரமே. அண்மையில் வசிப்பவர் என்பதற்கான புள்ளிகள், முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவையும் வதிவிடத்தை நிறுவும் ஆவணங்களையும் கொண்டே வழங்கப்படுகின்றன. ஆகவே பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஊர் மாறுபவர், பழைய ஊரின் புள்ளிகளை இழந்து, புதிய ஊரிலும் போதிய புள்ளிகள் அற்றவராகிவிடக்கூடும். அவ்வருடத்துக்குரிய சுற்றுநிரூபத்தைப் பெற்று வாசித்த பின்னரே தீர்மானியுங்கள். குடிபுகுந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வாடகை உடன்படிக்கையைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள்.

சிங்களச் சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் அயலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அங்கே வளரும் பிள்ளை இரண்டு மொழிகளும் அறிந்த பிள்ளையாக வளரும். ஆனால் குடிபுகுந்த முதல் வாரத்திலேயே அயல் வீடுகளுக்குச் சென்று நம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது நம் கடமை. அருகிலுள்ள பள்ளிவாசல் நிர்வாகத்தையும் சந்தித்து மஹல்லாவில் இணைந்துகொள்ளுங்கள். நன்மையிலும் துக்கத்திலும் நம்மைத் தேடி வருவோர் அவர்களே.

மலையும் ஆறும் நீரும்

இம்மாவட்டத்தின் தென்பகுதி மலைப்பாங்கானது. வடபகுதி உலர் வலயத்தைச் சார்ந்தது. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டில் ஏற்படுத்திய வெள்ளமும் மண்சரிவும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. இரத்தோட்டை, உக்குவளை போன்ற பகுதிகளின் சரிவுகளில் வீடோ காணியோ எடுப்பவர், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அவ்விடம் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என விசாரித்தறிவது அவசியம். வீட்டின் பின்புறம் வெட்டப்பட்ட மண்மேடு இருக்கிறதா, சுவரில் வெடிப்பு உண்டா, மழைநீர் எவ்வழியே ஓடுகிறது என்பவற்றை உங்கள் கண்களாலேயே பாருங்கள்.

பாதையும் அத்தகையதே. கண்டிக்குச் செல்லும் ஏ9 வீதியில் அக்குறணை நகரம் கனமழையில் நீரில் மூழ்குவது நாம் பலமுறை கண்ட காட்சி. அவ்வேளையில் உக்குவளை, வத்தேகம ஊடாகச் செல்லும் பாதையே பலருக்குத் துணை. மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இல் அமைக்கப்பட்டது. அதுவும் வத்தேகம, உக்குவளை வழியாகவே வருகிறது. ஆயினும் புகையிரதத்தை நம்பி வீடு எடுப்பவர், தமக்குரிய நேரத்தில் சேவை நடைபெறுகிறதா என்பதை நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். வேலைக்குச் செல்ல ஒரே பாதை மட்டுமுள்ள ஊரைவிட, இரண்டு பாதைகள் உள்ள ஊர் மேலானது.

வடக்கே செல்வோர் குடிநீரைப் பற்றி விசாரிக்க வேண்டும். வில்கமுவ போன்ற பகுதிகள் நாட்பட்ட சிறுநீரக நோயினால் துன்புற்றவை. குழாய்நீர் இணைப்பு உண்டா, இல்லையேல் குடிப்பதற்கு நீர் எங்கிருந்து பெறுகிறார்கள் என்பதை வீட்டுச் சொந்தக்காரரிடம் மட்டுமன்றி அடுத்த வீட்டாரிடமும் கேளுங்கள்.

தீர்மானமும் தவணையும்

இவ்வளவையும் விசாரித்த பின்னர், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த ஊரிலிருந்து உங்கள் பணியிடத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் சென்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் சென்று பார்த்த தூரம் உண்மையான தூரமன்று. முதலில் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஊர் வீட்டை விற்று உடனே காணி வாங்கிவிடாதீர்கள். ஆறு மாதங்கள் சென்றதும் குடும்பத்தாரை அமர்த்தி, இங்கு தொடர்வோமா என்று கேளுங்கள். இஸ்திகாராத் தொழுவது விசாரணையைக் கைவிடுவதற்கன்று. விசாரித்த பின்னர் நல்லதை நாடி இறைவனிடம் ஒப்படைப்பதற்கே.

சிலருக்கு வேறு வழியே இராது. தூரத்திலேதான் குடியிருக்க நேரும். அவர்களுக்கு உமர் (ரழி) அவர்களின் வாழ்வில் ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. அவர்கள் மதீனாவின் மேட்டுப்புறமான அவாலிப் பகுதியில் வசித்தார்கள். அயலில் ஓர் அன்ஸாரித் தோழர் இருந்தார். நபி (ஸல்) அவர்களின் சபைக்கு ஒருநாள் ஒருவரும் மறுநாள் மற்றவருமாக முறைவைத்துச் செல்வார்கள். சென்றவர் அன்றைய செய்தியையும் கல்வியையும் கொண்டுவந்து மற்றவருக்கு அறிவிப்பார். தூரம் அவர்களைத் தடுக்கவில்லை. அயலவர் இருவரும் அதனைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒரே ஊரிலிருந்து நகருக்குச் செல்லும் நீங்களும் அவ்வாறே வாகனத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளை மத்ரஸாவுக்கு அழைத்துச் செல்வதை முறைவைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் பின்னர் மாத்தளை நகருக்கே வந்துவிட்டோம். வீடு சிறியது, வாடகை கூடியது. ஆயினும் மஃரிபுக்குப் பின் என் மகள் ஓதுகிறாள், நான் கேட்கிறேன். அந்த ‘ஹா’ எழுத்தைத் திருத்த எங்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. ஊர் தேடும் சகோதரரே, உங்கள் பிள்ளை உறங்குவதற்கு முன்னர் நீங்கள் வீடு சேரக்கூடிய ஊர் எது என்பதே உங்கள் முதற் கேள்வியாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் தொழிலிலும் இல்லங்களிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.