கோடு நடுங்குவது ஏன்?

புகலிடக் கோரிக்கையின் முடிவை எதிர்பார்த்திருக்கும் இளைஞர் ஒருவர், கணனியில் தாம் கீறிய ஓவியங்களை அண்மையில் எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். ஓவியக் கல்லூரி ஒன்றிற்கு விண்ணப்பிப்பது அவரது எண்ணம். உருவங்கள் நன்கு அமைந்திருந்தன. கோடுகளோ பூச்சி ஊர்ந்த தடம்போல் நெளிந்திருந்தன. "இன்னும் விலை கூடிய பலகை வாங்கினாற் சரிவருமோ?" என்று கேட்டார். வேலை செய்யும் அனுமதி இல்லாத ஒருவருக்கு இது சிறிய கேள்வியன்று. கற்பித்த காலத்துப் பழக்கம் எம்மை இன்னும் விடவில்லை. சோதித்தறியாமல் விடை கூற மனம் வரவில்லை.

பலகையின்மீது அடிமட்டத்தை வைத்து, அதன் ஓரமாக எழுதுகோலை மெதுவாக இழுக்கச் சொன்னோம். அப்போதும் கோடு நெளியுமாயின் குறை கருவியிலுள்ளது. அடுத்து, வட்டமான மூடியொன்றைச் சுற்றிக் கீறினார். திரையில் அது முட்டை வடிவாகத் தோன்றின், பலகையின் நீள அகல விகிதம் திரையுடன் பொருந்தவில்லை என்பது பொருள். அதனைக் கணனியிலேயே திருத்திவிடலாம். அவரது பலகை இரண்டிலும் தேறியது.

எஞ்சியது கை. அவர் படத்தைப் பெரிதாக்கி, மணிக்கட்டை மட்டும் அசைத்து, சிறு சிறு துண்டுகளாகக் கீறினார். மணிக்கட்டு அச்சாணி போன்றது. அது குறுகிய வளைவிற்கே ஏற்றது. நெடுங்கோட்டிற்கு முழங்கையும் தோளும் அசைதல் வேண்டும். முதலில் இரு முனைகளிலும் புள்ளியிட்டு, எழுதுகோல் பலகையிற் படாமல் அதே வழியில் இரண்டொரு முறை கையைச் செலுத்த வேண்டும். பின்னர் கண்ணை முடிவுப் புள்ளியில் நிறுத்தி, ஒரே இழுப்பிற் கீற வேண்டும். திசை கைக்கு இசையாவிடின் படத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் 'கிறிற்றா' மென்பொருளில் 4, 6 ஆகிய விசைகளை அழுத்தினாற் படம் திரும்பும்.

கோட்டைத் தானே சீர்செய்யும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு. இயந்திரத்தின் இத்தகைய உதவி புதியதன்று. 1963 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய 'ஸ்கெச்பாட்', ஒளிப்பேனாவினால் இரு முனைகளைக் காட்டியதும் நேர்கோட்டைத் தானே இட்டது. இவ்வசதியை அளவோடு பயன்படுத்துவதில் தவறில்லை. மிகுதியாக்கினாற் கோடு கைக்குப் பின்தங்கி வரும். கூரிய திருப்பங்கள் மழுங்கும். கையின் குறையும் மறைந்துவிடும். மறைந்த குறையை எவ்வாறு திருத்துவது?

இதனினும் பெரிய தடை, கீறியதை நீக்கும் விசை. ஒரு கோட்டை இருபது முறை அழிப்பவர், இருபது கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை இழக்கிறார். நாள்தோறும் பதினைந்து நிமிடம், எதனையும் அழிக்காமல் ஒரு பக்கம் நிறையக் கோடுகள் கீறி, திகதியிட்டு வைக்கும்படி கூறினோம்.

மூன்று வாரங்களின் பின் மீண்டும் வந்தார். சில கோடுகள் இன்னமும் புள்ளியைத் தவறவிட்டன. நெளிவு பெரிதும் குறைந்திருந்தது. முதல்நாட் பக்கத்தையும் அன்றைய பக்கத்தையும் அருகருகே வைத்து, தாமே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய பலகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.