தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் கேத்தலை ஒருமுறை வெறுமையாக்கி அதன் உட்புறத்தை உற்று நோக்குங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுநீர் புழங்கும் வீடாயின், அடியிலும் ஓரங்களிலும் வெண்ணிறப் படை ஒன்று ஒட்டியிருக்கக் காண்பீர்கள். தேய்த்துக் கழுவினாலும் அது இலகுவிற் போவதில்லை. போனாலும் சில வாரங்களில் மீண்டும் படிந்துவிடுகின்றது. நாம் ஊற்றியதோ பளிங்குபோலத் தெளிந்த நீர். அதில் ஒரு தூசிதானும் மிதக்கக் கண்டோமில்லை. அவ்வாறாயின் இந்த வெண்படை எங்கிருந்து வந்தது?

அது நீருக்குள்ளேயே இருந்தது என்பதுதான் விடை. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த பொருள், நீர் கொதித்தபோது வெளிப்பட்டுப் படிந்தது. நாம் நீர் என்று சொல்லிக் குடிப்பது நீரும் வேறு பல பொருள்களும் சேர்ந்த கலவை. தெளிவு வேறு, தூய்மை வேறு என்னும் இந்தச் சிறு பாடம் மாணவரின் பரீட்சைக்கு மாத்திரமன்றி, வீட்டிலுள்ள குழந்தையின் உயிருக்கும் வேண்டியதாகும். எவ்வாறு என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தூய பதார்த்தம் எது?

தண்ணீர் கலவாத பாலைச் 'சுத்தமான பால்' என்று வழங்குகிறோம். இரசாயன அறிஞர் அதனை ஒப்புவதில்லை. பசுவின் மடியிலிருந்து அப்போதே கறந்த பாலிலும் நீர், கொழுப்பு, புரதம், வெல்லம், உப்புகள் யாவும் கலந்திருக்கின்றன. அவர் கணக்கில் அது கலவையே. எங்கிருந்து எடுத்தாலும், எவ்வளவு எடுத்தாலும், ஒரே வகைப் பொருளாலாகி ஒரே இயல்புடையதாக இருப்பதையே அவர் தூய பதார்த்தம் என்பர்.

தூய பதார்த்தங்கள் இருவகைப்படும். பொன், செம்பு, ஒட்சிசன் போன்று இரசாயன முறைகளால் மேலும் எளிய பொருள்களாகப் பிரிக்கமுடியாதவை மூலகங்கள். இரண்டோ பலவோ மூலகங்கள் இரசாயன முறையிற் கூடியவை சேர்வைகள். நீர் ஒரு சேர்வை. 1800 ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர் நீரினுள் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனை ஐதரசன், ஒட்சிசன் என்னும் இரு வாயுக்களாகப் பிரித்துக் காட்டினர். மழைநீரிலிருந்து பெற்ற தூய நீராயினும், கடல்நீரிலிருந்து பெற்ற தூய நீராயினும், 9 கிராமில் 1 கிராம் ஐதரசனும் 8 கிராம் ஒட்சிசனும் இருக்கும். இவ்விகிதம் மாறுவதில்லை.

சேர்வையிற் கூடிய மூலகங்கள் தம் பழைய இயல்பை இழந்துவிடுகின்றன. ஐதரசன் எரியும் வாயு. ஒட்சிசன் பிற பொருள்கள் எரியத் துணைசெய்யும் வாயு. இரண்டும் கூடிய நீரோ நெருப்பை அணைக்கின்றது. சோடியம் நீர் பட்டாற் சீறியெழும் உலோகம். குளோரின் நச்சு வாயு. இவ்விரண்டும் கூடியதே நாம் சோற்றிலிடும் உப்பு.

கலவையின் தன்மை இதற்கு மாறானது. அதற்கு நிலையான விகிதம் கிடையாது. தேநீரில் ஒரு கரண்டி சீனி இடுவதும் மூன்று கரண்டி இடுவதும் அவரவர் விருப்பம். கலந்த பொருள்கள் தம் குணத்தையும் விடுவதில்லை: சீனி தேநீரிலும் இனிக்கின்றது; உப்பு நீரிலும் கரிக்கின்றது.

கண் காணும் கலவையும் காணாத கலவையும்

அரிசியும் கல்லும் கலந்திருந்தாற் கண்ணுக்குத் தெரிகின்றது. சுளகிற் புடைத்து வேறாக்குகிறோம். சேற்றுநீரும் அத்தகையதே. இவை பல்லினக் கலவைகள். ஆனால் உப்புநீரின் எத்துளியை எடுத்தாலும் ஒரேமாதிரி இருக்கின்றது. உப்பு வேறு, நீர் வேறு என்று கண்ணாற் காண்பதற்கில்லை. இவை ஏகவினக் கலவைகள். 22 கரட் நகையும் அத்தகையதே. அதன் 24 பங்கில் 22 பங்கு பொன், எஞ்சிய இரு பங்கு செம்பு முதலிய பிற உலோகங்கள். நாம் மூச்சிழுக்கும் காற்றும் பெரும்பாலும் நைதரசனும் ஒட்சிசனும் கலந்த ஏகவினக் கலவையே.

பல்லினக் கலவையைப் பார்த்தவுடன் அறிந்துகொள்கிறோம். ஏகவினக் கலவையோ தூய பதார்த்தம் போலவே தோன்றி நம்மை ஏய்க்கின்றது. அதனை எவ்வாறு கண்டறிவது? மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுத்தமான கண்ணாடித் தகடொன்றில் ஒருபுறம் சில துளி கிணற்றுநீரும், மறுபுறம் வெட்டவெளியிற் பிடித்த சில துளி மழைநீரும் இட்டு வெயிலில் உலரவிடுங்கள். மழைத்துளி ஏறக்குறைய அடையாளமின்றி மறையும். கிணற்றுத் துளியோ வெண்மையான வளையமொன்றை விட்டுச் செல்லும்.

கொதிநிலையும் ஓர் உரைகல்லாகும். கடல் மட்டத்தில் தூய நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். முழுவதும் ஆவியாகும்வரை அந்த வெப்பநிலையிலேயே நிற்கும். உப்புநீர் அதற்கு மேலான வெப்பநிலையிற் கொதிக்கத் தொடங்கும். நீர் வற்ற வற்ற அவ்வெப்பநிலையும் ஏறிக்கொண்டே செல்லும்.

பிரிக்கும் வழிகள்

கலவையிலுள்ள பொருள்கள் தத்தம் குணத்தை விடாதபடியால், அக்குணங்களின் வேற்றுமையைக் கொண்டே அவற்றைப் பிரித்தெடுக்கலாம். கலங்கிய நீரைத் துணியால் வடித்தார்கள் நம் முன்னோர். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்திலே தேய்த்து, கலங்கலை அடியிற் படியச் செய்தார்கள். ஆனால் துணியும் கொட்டையும் கலங்கலைத்தான் நீக்கும். கரைந்த உப்பை அவை நீக்கமாட்டா.

உப்பளத்திலே ஞாயிற்றின் வெப்பம் அந்த வேலையைச் செய்கின்றது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் வற்றுகையில் முதலிற் சுண்ணாம்புப் பொருள்கள் படிகின்றன. கடல்நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுருங்கும்போது கறியுப்புப் பளிங்குகள் தோன்றுகின்றன. கைப்பான மகனீசிய உப்புகள் எஞ்சிய நீரிலே தங்கிவிடுகின்றன. உப்பு வேண்டாம், நீரே வேண்டுமெனின், ஆவியைக் குளிரச்செய்து காய்ச்சி வடிக்கவேண்டும். அல்லது அழுத்தத்தினால் நீரை நுண்ணிய சவ்வினூடே செலுத்தவேண்டும். வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட நிலையம் கடல்நீரை இவ்வாறு சவ்வினூடே செலுத்தியே குடிநீராக்குகின்றது.

காய்ச்சினாலும் போகாதது

இனி நமது கேத்தலுக்குத் திரும்புவோம். குடாநாடு சுண்ணக்கல்லின் மீது அமைந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கி, அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கொதிக்கும்போது அச்சுண்ணாம்பே கல்சியம் காபனேற்றாகப் படிகின்றது. சில துளி தேசிக்காய்ப் புளியை அப்படையின் மீது விட்டுப் பாருங்கள். சிறு குமிழிகள் எழும். அக்குமிழிகளில் வெளிவருவது, முன்னே மழைநீர் கொண்டிறங்கியதே போன்ற காபனீரொட்சைட்டு. இந்தச் சுண்ணாம்பினால் உடலுக்குக் கேடில்லை. சவர்க்காரம் நுரைக்க மறுக்கும், அவ்வளவே.

அதே நீரிற் கரைந்து வரக்கூடிய வேறொன்றுதான் கவலைக்குரியது. அதன் பெயர் நைத்திரேற்று. தோட்டங்களுக்கு மிகையாக இடும் யூரியா முதலிய பசளைகளிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடி நீரை அடைகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதந்துரைக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிக்கிராம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது இவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் பால்மா கரைத்துப் புட்டியில் ஊட்டப்படும் சிறு குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கின்றது. குழந்தையின் உடல் நீலம் பாரிக்கின்றது. சிலவேளை உயிருக்கே இடராகின்றது.

'நாங்கள் காய்ச்சித்தானே கொடுக்கிறோம்' என்று தாய்மார் சொல்லக்கூடும். காய்ச்சுதல் கிருமிகளைக் கொல்லும். ஆகவே அது வேண்டியதே. ஆயினும் கரைந்த நைத்திரேற்று ஆவியோடு வெளியேறுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: லீற்றருக்கு 40 மில்லிக்கிராம் நைத்திரேற்றுள்ள நீர் இரண்டு லீற்றர். அதிலுள்ள நைத்திரேற்று 80 மில்லிக்கிராம். நெடுநேரம் கொதித்து ஒன்றரை லீற்றராக வற்றினாலும் அந்த 80 மில்லிக்கிராமும் அப்படியே இருக்கும். இப்போது லீற்றருக்கு 53 மில்லிக்கிராமுக்கு மேல்! எல்லைக்குள் இருந்த நீர், நம் கவனத்தின் மிகுதியாலேயே எல்லையைக் கடந்துவிட்டது. ஆதலால் நீர் கொதித்தவுடன் இறக்கிவிடுவதே முறை. கிணற்றுநீரை இரசாயனக் கூடத்திற் சோதிப்பித்தல் வேண்டும். அளவு மிகுந்திருப்பின் குழந்தைக்கு வேறு நீர் தேடவேண்டும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே ஊட்டினால் இக்கவலைக்கே இடமில்லை.

கலவை என்றவுடன் அஞ்சவும் வேண்டியதில்லை. 1995 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உணவுக்கான உப்பிலே அயடீன் கலக்கப்படுவது கண்டமாலை நோயைத் தடுப்பதற்கே. அங்கே கலப்பே நன்மை தருகின்றது. ஆகையால் குடிநீரைக் குறித்து 'இது தெளிவாக இருக்கின்றதா?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'இதில் என்ன கரைந்திருக்கின்றது? எவ்வளவு கரைந்திருக்கின்றது?' என்றும் கேட்கப் பழகுவோமாக. முதற் கேள்விக்கு நம் கண்ணே விடை சொல்லும். மற்றவற்றுக்குச் சோதனைக்கூடமே விடை சொல்லவேண்டும்.