பள்ளிக்கு ஓர் இணைய நாட்காட்டி

கோடையில் ஊர் செல்லும் நம்மவர்க்கு முதற்கவலை ரயில் டிக்கெட்டு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. பதிவு தொடங்கும் அன்றே பள்ளி மூடும் தேதி ஐயமற விளங்க வேண்டும். சென்ற ஆண்டு என் மகளின் பள்ளியில் தேர்வு நான்கு நாட்கள் தள்ளிப்போயிற்று. வாட்ஸப்பிலோ பழைய அட்டவணையின் படமே உலவிக்கொண்டிருந்தது. அதை நம்பி எடுத்த டிக்கெட்டை ரத்துச் செய்தோம். பாட்டியுடன் இருக்கும் நாட்களும் குறைந்தன.

2006-ல் தோன்றிய கூகுள் காலண்டர் போன்றவற்றில் இத்தொல்லை இல்லை. பள்ளி அலுவலகம் ஒரு நாட்காட்டியை அமைத்து, பார்க்கும் உரிமையை மட்டும் பெற்றோர்க்கு அளிக்கலாம். அதன் இணைப்பைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்க்கு, அலுவலகம் தேதியை ஒருமுறை மாற்றினாலே போதும், தாமாகவே மாறிவிடும். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டவர்க்கோ பழைய தேதியே நிற்கும். இவ்வேற்றுமையைப் பலர் அறியார். வேறு நிறுவனத்துச் செயலியில் இணைத்தோர்க்கு மாற்றம் வந்து சேரச் சில மணி நேரம், சிற்சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். எனவே 'மழையால் இன்று விடுமுறை' என்பதற்குக் குறுஞ்செய்தியே தக்கது.

பொதுப் பார்வைக்கு விட்ட நாட்காட்டியில் குழந்தைகளின் பெயரை எழுதலாகாது. சுற்றுலாப் பேருந்து நிற்குமிடத்தையும் எழுதலாகாது. யாரும் அதைப் படிக்கக் கூடுமன்றோ!

பள்ளி இசையாவிடினும் பெற்றோரில் ஒருவர் தொடங்கலாம். எங்கள் வகுப்பில் ஓர் அம்மையார் தொடங்கியிருக்கிறார். இவ்வாண்டு டிக்கெட்டு எடுத்தாயிற்று.